பயம் காது வழியாக வருகிறது
ஹாலோவீன் மாதத்தில் அமெரிக்க மாணவர்கள் பகிர்ந்து பேசும் பேய்ப் பாடல்கள்

பேய்ப் படம் பார்க்கும்போது பெரும்பாலோர் கண்ணைத்தான் பொத்திக்கொள்கிறார்கள். உண்மையில் பொத்த வேண்டியது காதைத்தான். சந்தேகம் இருந்தால் அடுத்த முறை தொலைக்காட்சியில் திகில் படம் ஓடும்போது ஒலியை மட்டும் நிறுத்திப் பாருங்கள். கதவு திறக்கும், நிழல் நகரும், ஒருவர் வாயைப் பிளந்து அலறுவார். பார்க்கிறவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

இதைத் தம் சொந்த அனுபவத்தில் கண்டவர் அமெரிக்க இயக்குநர் ஜான் கார்பென்டர். 1978ஆம் ஆண்டு அவர் 'ஹாலோவீன்' என்ற படத்தை எடுத்தார். இசையும் ஒலியும் சேர்க்காத நிலையில் அதை ஒரு பட நிறுவன நிர்வாகிக்குப் போட்டுக் காட்டினார். முகமூடி மனிதன், கத்தி, இருட்டு வீடு எல்லாம் திரையில் இருந்தன. பார்த்தவருக்குப் பயமே வரவில்லை. தனியாக இசையமைப்பாளரை அமர்த்தப் பணமும் இல்லை. கார்பென்டர் தாமே உட்கார்ந்து மூன்று நாளில் இசையமைத்து முடித்தார். சிறுவயதில் இசைப் பேராசிரியரான தந்தை பொங்கோ மேளத்தில் கற்றுக்கொடுத்த ஐந்து எண்ணிக்கைத் தாளத்தைப் பியானோவில் ஓடவிட்டார். சில மாதம் கழித்து அதே நிர்வாகி படத்தைப் பாராட்டினாராம். இடையில் தாம் செய்தது இசையைச் சேர்த்தது மட்டுமே என்று கார்பென்டர் பிறகு சொன்னார்.

பெரியவர்களையே இப்படி ஆட்டிவைக்கும் ஒலி, பிள்ளைகளை என்ன செய்யும்? அந்தக் கேள்விக்குத்தான் ஆண்டுதோறும் அக்டோபர் மாதக் கடைசியில் அமெரிக்கப் பள்ளிகளின் இசை வகுப்புகள் விடை தேடுகின்றன.

பாட்டைக் கொண்டு வா, பேசுவோம்

ஹாலோவீன் அக்டோபர் 31ஆம் தேதி இரவு. மறுநாள் நவம்பர் 1 கிறிஸ்துவர்களின் புனிதர் அனைவர் திருநாள். அதற்கும் முந்தியது அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டு மக்களின் 'சாவின்' என்ற பெயருடைய விழா. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் இறந்தவர்கள் நடமாடுவார்கள் என்பது அவர்களின் நம்பிக்கை. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து குடியேறியவர்கள் வழியாக அது அமெரிக்காவுக்குப் போனது. அங்கே பூசணிக்காயில் முகம் செதுக்குவதும், வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பதும் பிள்ளைகளின் கொண்டாட்டமாகிவிட்டன.

அந்த வாரத்தில் பல ஆசிரியர்கள் மாணவர்களிடம் ஒரு வேலை கொடுப்பார்கள். உனக்குப் பயமூட்டும் ஒரு பாட்டைக் கொண்டு வா, எல்லாரும் கேட்போம், ஏன் பயமாக இருக்கிறது என்று பேசுவோம். "பேய் வருகிற மாதிரி இருக்கிறது" என்று சொன்னால் போதாது. எந்த இடத்தில் அப்படி இருந்தது, அங்கே எந்தக் கருவி ஒலித்தது, வேகம் கூடியதா குறைந்ததா, சத்தம் நின்றதா என்று சொல்ல வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தெரியும். செய்து பார்த்தால்தான் தெரியும், பயந்துகொண்டே எண்ணிக்கை வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று.

முதலில் வருவது பெரும்பாலும் வேடிக்கைப் பாட்டுகள்தாம். 1984இல் ரே பார்க்கர் பாடிய 'கோஸ்ட்பஸ்டர்ஸ்', 1993ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்கு டேனி எல்ஃப்மன் அமைத்த 'திஸ் இஸ் ஹாலோவீன்', இவற்றுக்கெல்லாம் மூத்ததான 'மான்ஸ்டர் மாஷ்'. பாபி பிக்கெட் என்பவர் பழைய திகில் பட நடிகர் போரிஸ் கார்லாஃபின் குரலைப் போலச் செய்து பாடிய இந்தப் பாட்டு 1962 அக்டோபரில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிரிட்டனில் பிபிசி அதை ஒலிபரப்ப மறுத்தது. பிணங்களைப் பற்றிய பாட்டு என்பது காரணம். பத்தாண்டு கழித்து, 1973இல், அதே நாட்டில் அது மூன்றாம் இடத்துக்கு ஏறியது.

இந்தப் பாட்டில் மாணவர்களை இழுப்பது அதன் ஒலிகள். தொடக்கத்தில் சவப்பெட்டி கிரீச்சென்று திறக்கிறதே, அது ஒரு பலகையிலிருந்து துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கிய சத்தம். மந்திரக் கொப்பரை கொதிப்பது, தண்ணீர்க் குவளைக்குள் உறிஞ்சுகுழாய் வைத்து ஊதியது. சங்கிலிகள் மட்டும் உண்மையான சங்கிலிகள், தரையில் போட்டார்கள். இதைக் கேட்ட மாணவன் அன்று மாலை வீட்டில் ஒரு குவளைத் தண்ணீரும் உறிஞ்சுகுழாயுமாக உட்கார்ந்துவிடுவான். தம்பி தங்கைகள் பாடு திண்டாட்டம்தான். ஆனால் சவப்பெட்டி இனி அவனுக்கு ஆணிதான்.

அலறலும் வயலினும்

வேடிக்கைப் பாட்டுகள் தீர்ந்த பிறகு வகுப்பு அமைதியாகிறது. யாராவது ஒருவர் உண்மையாகவே பயமூட்டும் இசையைக் கொண்டு வந்திருப்பார்.

1960இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சி உலகம் அறிந்தது. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்கவில்லை. அமைத்துக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். கேட்டபின் இயக்குநர் மனம் மாறினார். படம் முழுவதற்கும் ஹெர்மன் பயன்படுத்தியவை தந்திக் கருவிகள் மட்டுமே. மேளம் இல்லை, எக்காளம் இல்லை. வயலின்கள் உச்ச சுரத்தில் மீண்டும் மீண்டும் கீறுகின்றன, அவ்வளவுதான். அது கத்தியின் சத்தமா, பறவையின் சத்தமா, அந்தப் பெண்ணின் அலறலா என்று வகுப்பில் கேட்டால் மூன்றுக்கும் ஆள் இருக்கும்.

மூன்றாவது விடை சொன்னவர்கள் பக்கம் அறிவியல் கொஞ்சம் சாய்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேனியல் புளூம்ஸ்டீன் மர்மொட் என்னும் மலை அணில் வகையை ஆராய்பவர். அதன் குட்டியைக் கையில் பிடிக்கும்போது அது போடும் கூச்சலில் ஒரு கரகரப்பு இருப்பதைக் கவனித்தார். தொண்டை தாங்கும் அளவுக்கு மேல் காற்றைத் தள்ளும்போது ஒலி உடைந்து சிதறுகிறது. 2010இல் வெளியான ஆய்வில் அவரும் மற்றவர்களும் திரைப்பட ஒலிகளை அலசினார்கள். திகில் படங்களில் இதே வகைக் கரகரத்த ஒலிகள் மிகுதியாக இருந்தன. 2015இல் வந்த இன்னோர் ஆய்வு மனித அலறலை எடுத்துக்கொண்டது. அலறலில் ஒலியின் அளவு நொடிக்கு 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்கித் துடிக்கிறது. சாதாரணப் பேச்சில் இந்தத் துடிப்பு அநேகமாக இல்லை. அதனால்தான் அலறலை மூளை வேறு எதனோடும் குழப்பிக்கொள்வதில்லை. குழந்தை அலறினால் தூக்கத்திலிருந்து தாய் எழுந்து ஓட வேண்டும் அல்லவா? அதற்காக அமைந்த வழியில்தான் வயலினும் நுழைகிறது.

ஆனால் எல்லாப் பயமும் அலறலால் வருவதில்லை. 1975ஆம் ஆண்டின் 'ஜாஸ்' படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்த சுறாமீன் இசை, அடுத்தடுத்த இரண்டே சுரங்களில் தொடங்குகிறது. முதன்முதலில் பியானோவில் வாசித்துக் காட்டியபோது இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதை வேடிக்கை என்று நினைத்தாராம். மெல்லத் தொடங்கி, இடைவெளி விட்டு, நெருங்க நெருங்க வேகமெடுக்கும் இசை அது. சுறா கண்ணில் படாமலே அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காது கணக்குப் போடுகிறது.

இங்கே நம் மண்ணின் நம்பிக்கை ஒன்று நினைவுக்கு வருகிறது. பொந்தியானாக்கின் குரல் பெரிதாகக் கேட்டால் அது தூரத்தில் இருக்கிறது, மெல்லக் கேட்டால் பக்கத்தில் வந்துவிட்டது என்று மலாய் மக்கள் சொல்வார்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மவர் பலருக்கும் இது தெரிந்த கதைதான். வில்லியம்ஸின் கணக்கை அப்படியே தலைகீழாக்கிய கணக்கு. சத்தம் குறையக் குறையப் பயம் ஏறும். ஹாலிவுட் ஒலிப்பொறியாளர் யாரும் சொல்லிக்கொடுக்காமல் கிராமத்துப் பாட்டிமார் கண்டுபிடித்த உத்தி.

எலும்புக்கூடு ஆடும் ஏழு நிமிடம்

மாணவர்கள் கொண்டுவரும் பாட்டுகளுக்கு நடுவே ஆசிரியர்களும் ஒன்றை வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அது 'டான்ஸ் மகாப்ர்'. பிரெஞ்சு இசையமைப்பாளர் காமில் சென் சான்ஸ் 1874இல் எழுதியது. நள்ளிரவில் மரணம் இடுகாட்டுக்கு வந்து வயலின் வாசிக்க, எலும்புக்கூடுகள் கல்லறையை விட்டு எழுந்து ஆடுகின்றன. விடிந்ததும் திரும்பிப் போகின்றன. சுமார் ஏழு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். பாட்டு வரி ஒன்றும் கிடையாது. கதையைக் காதால்தான் தேட வேண்டும்.

தொடக்கத்தில் யாழ் போன்ற ஹார்ப் ஒரே சுரத்தைப் பன்னிரண்டு முறை மீட்டுகிறது. மணி பன்னிரண்டு. சைலோஃபோன் என்னும் மரக்கட்டைக் கருவி கடகடவென்று எலும்புகளாக ஒலிக்கிறது. இதே கருவியையும் இதே மெட்டையும் 1886இல் 'விலங்குகளின் திருவிழா' என்ற படைப்பில் தொல்லுயிர் எச்சங்களுக்காகச் சென் சான்ஸ் மறுபடி எடுத்துக் கையாண்டார். தம் பாட்டைத் தாமே கேலி செய்துகொள்ளும் துணிச்சல் எல்லாருக்கும் வராது.

ஆனால் மாணவர்கள் கையை உயர்த்துவது மரணத்தின் வயலின் வரும் இடத்தில். ஏதோ சரியில்லை என்பார்கள். சரியாகவே சொல்கிறார்கள். அந்த வயலினின் ஒரு தந்தியை வழக்கமான சுருதியிலிருந்து அரைச் சுரம் இறக்கி வைக்கும்படி சென் சான்ஸ் எழுதியிருக்கிறார். இறக்கியதும் பக்கத்துத் தந்தியோடு சேர்ந்து அது ஓர் இடைவெளியை ஒலிக்கிறது. ஐரோப்பியர்கள் அதற்கு வைத்த பெயர் 'இசையில் சாத்தான்'. 18ஆம் நூற்றாண்டு நூல்களில் இந்தப் பெயர் காணப்படுகிறது. தேவாலயம் அதைத் தடை செய்தது, வாசித்தவர்களைத் தண்டித்தது என்றெல்லாம் உலவும் கதைக்கு ஆதாரம் கிடையாது.

அந்தச் சாத்தான் இடைவெளி நமக்குப் புதியதல்ல. சட்ஜத்திலிருந்து பிரதி மத்தியமம் வரை உள்ள தூரம்தான் அது. கல்யாணி ராகத்தில் இருப்பது அதே மத்தியமம். கல்யாண வீட்டு நாதஸ்வரத்தில் கல்யாணி ஒலிக்கும்போது யாரும் நடுங்குவதில்லை. கார்பென்டரின் ஐந்து எண்ணிக்கைத் தாளமும் அப்படித்தான். நான்கு நான்காக எண்ணிப் பழகிய அமெரிக்கக் காதுக்கு ஐந்தாவது எண்ணிக்கை காலடியில் படி விட்டுப்போன மாதிரி. கண்ட சாப்பு தாளத்தில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவருக்கு அதில் இடறல் இல்லை.

ஆக, அலறலின் பயம் பிறவியிலேயே வருகிறது. சாத்தான் இடைவெளியின் பயம் பழக்கத்தில் வருகிறது. ஒரே வகுப்பில் பல நாட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது இந்த வேறுபாடு பேச்சிலேயே வெளியாகும். ஒருத்திக்கு நடுக்கம் தரும் பாட்டு பக்கத்தில் இருப்பவனுக்குத் தாலாட்டு. இதை ஆசிரியர் விளக்கத் தேவையில்லை.

பயம் தெளியாத பிள்ளை

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் இந்த விளையாட்டு ஒத்துவராது.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் கேன்டர் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தவர். 1999இல் வெளியான ஓர் ஆய்வில் அவரும் உடன் ஆய்வாளரும் கல்லூரி மாணவர்களிடம், சிறுவயதில் பார்த்த படமோ நிகழ்ச்சியோ பயமுறுத்தி அந்தப் பயம் பிறகும் தொடர்ந்ததா என்று கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் ஆம் என்றார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அந்தப் பயம் அன்று வரை முழுதாகப் போகவில்லை. இவர்கள் வாக்களிக்கும் வயது வந்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கேன்டர் சொல்லும் இன்னொன்று பெற்றோர் மனத்தில் வைக்க வேண்டியது. ஏழு எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் "அது பொய், நிஜம் இல்லை" என்று விளக்குவதால் அதிகப் பயன் இல்லை. அந்த வயதில் தோற்றமும் ஒலியும்தான் நிஜம். அணைத்துக்கொள்வது, விளக்கைப் போடுவது, ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்பது இவைதாம் உதவும். விளக்கம் கேட்டுத் தெளிகிற வயது அதற்குப் பிறகே வருகிறது. ஆணிக் கதையும் உறிஞ்சுகுழாய்க் கதையும் பத்து வயதுப் பிள்ளைக்கு மருந்து. நான்கு வயதுப் பிள்ளைக்கு அது இன்னொரு பேய்க் கதை. அண்ணனுக்குப் போட்ட பாட்டைத் தங்கையும் கேட்டுக்கொண்டிருக்கிறாளா என்று பார்ப்பது நம் வேலை. கைத்தொலைபேசியில் பாட்டுத் தானாக அடுத்ததற்குத் தாவும் காலத்தில் அந்த வேலை இன்னும் கூடுகிறது.

மதம் சார்ந்த மறுப்பும் உண்டு. இறந்தவரையும் பேயையும் விளையாட்டாக்குவது தவறு என்று எண்ணும் குடும்பங்கள் அமெரிக்காவிலேயே பல. யெகோவாவின் சாட்சிகள் ஹாலோவீனைக் கொண்டாடுவதில்லை. மைக்கல் ஜாக்சன் அந்தச் சபையில் வளர்ந்தவர். 1983 டிசம்பரில் 'திரில்லர்' வீடியோ வந்தபோது, இந்தப் படம் மாந்திரீக நம்பிக்கையை ஆதரிக்கவில்லை என்று தம் பெயரால் ஓர் அறிவிப்பை முதலிலேயே போட வைத்தார். பதினான்கு நிமிடம் பிணங்களோடு ஆடியவருக்கே அந்த உறுத்தல் இருந்தது. ஆகவே ஒரு மாணவி "எங்கள் வீட்டில் இது வேண்டாம் என்கிறார்கள்" என்று சொன்னால் அது கேலிக்குரியதல்ல. பல பள்ளிகள் பேய் என்ற சொல்லையே எடுத்துவிட்டு, இலையுதிர்கால விழா என்று நடத்துகின்றன. அந்த வகுப்பிலும் சென் சான்ஸின் எலும்புகள் வேண்டாம் என்றால் 'ஜாஸ்' சுறாவை வைத்துப் பாடம் நடத்தலாம்.

ஆனால் முழுத் தடையால் பிள்ளைகளின் வாயை அடைக்க முடிந்ததில்லை. சவ வண்டிப் பாட்டு என்று ஒன்று ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடையே பல தலைமுறையாக இருக்கிறது. புதைத்த உடலைப் புழுக்கள் என்ன செய்யும் என்று அருவருப்பாக விவரிக்கும் பாட்டு. முதல் உலகப் போரில் சிப்பாய்கள் பாடினார்கள். 1927இல் கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் தம் நாட்டுப்பாடல் தொகுப்பில் சேர்த்தார். 1981இல் ஆல்வின் ஷ்வார்ட்ஸ் சிறுவர்களுக்காகத் தொகுத்த திகில் கதை நூலிலும் இடம்பெற்றது. அந்த நூல் வரிசைதான் 1990 முதல் 1999 வரை அமெரிக்க நூலகங்களில் மிக அதிகமான ஆட்சேபங்களைச் சந்தித்தது என்று அமெரிக்க நூலகச் சங்கத்தின் பட்டியல் காட்டுகிறது. பெற்றோர்கள் புத்தகத்தை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் பாட்டு பள்ளிப் பேருந்தில் பின் இருக்கையிலிருந்து முன் இருக்கைக்குப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதைப் பாடுவது சாவைப் பற்றிப் பெரியவர்கள் யாரும் தங்களிடம் பேசாததாலும் இருக்கலாம்.

நம் வீட்டில் கேட்பதற்கு

ஹாலோவீன் நமது விழா அல்ல. ஆனால் பேய்ப் பாட்டுக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. 1966இல் ஜெய்சங்கர், ஜெயலலிதா நடித்து வெளிவந்த 'யார் நீ?' படத்தில் பி. சுசீலா பாடிய 'நானே வருவேன்' பாட்டை நினைத்துப் பாருங்கள். இசை வேதா. 'வோ கௌன் தீ' என்ற 1964ஆம் ஆண்டு இந்திப் படத்துக்காக மதன் மோகன் அமைத்து லதா மங்கேஷ்கர் பாடிய மெட்டிலிருந்து வந்தது. மெட்டு என்னவோ ஏங்கும் காதல் மெட்டுத்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் அதைக் கேட்டு ஏன் போர்வைக்குள் புகுந்தார்கள்? அல்லது 2005ஆம் ஆண்டின் 'சந்திரமுகி'யில் தெலுங்கில் ஒலிக்கும் 'ரா ரா'. சொல் புரியாததே அங்கே பாதிப் பயம்.

விடுமுறை நாளில், பகல் வெளிச்சத்தில், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையோடு செய்து பார்க்கலாம். படத்தை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் ஒரு முறை. பாட்டை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஒரு முறை. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் பிள்ளையின் கையில் இருக்கட்டும்; நிறுத்து என்று அது நினைத்தால் நிற்க வேண்டும், அதில் பேரம் கிடையாது. பிறகு 'டான்ஸ் மகாப்ர்' ஏழு நிமிடம். பன்னிரண்டு மணி அடிப்பதைப் பிள்ளை விரல் விட்டு எண்ணட்டும். முடிவுக்குச் சற்று முன் எல்லாக் கருவிகளும் அடங்கி, ஓபோ என்னும் குழல் மட்டும் தனியாகக் கூவும். அதுதான் விடியற்காலைச் சேவல். அதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் பிள்ளையாகத்தான் இருக்கும்.